ஊர்ப்பலகையில் நிற்கும் அறக்கொடை

ஊர்ப்பெயர் எழுதிய பலகை பெரும்பாலும் வழிப்போக்கருக்கு வழி காட்டுவதோடு தன் பணியை முடித்துக்கொள்ளும். இங்கிலாந்தின் சிற்றூர்கள் பலவற்றில் நிற்கும் பலகைகளோ ஊரின் பழங்கதையையும் உடன் உரைக்கின்றன. உயர்ந்த கம்பத்தின் உச்சியில், வண்ணம் தீட்டிய உருவங்களோடு அவை விளங்குகின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நார்ஃபோக் பகுதியில் அரச குடும்பத்துக்குரிய சாண்ட்ரிங்காமைச் சார்ந்த ஊர்களில் இவ்வழக்கம் வேரூன்றியது என்பர். பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னராகிய இளவரசர் ஆல்பர்ட், 1920இல் இதனை நாடெங்கும் பரப்ப வேண்டுமென வலியுறுத்தினார்.

நார்ஃபோக்கின் ஸ்வாஃபம் ஊர்ப்பலகையில், மூட்டை சுமந்த வணிகன் ஒருவன் காணப்படுகிறான். கனவில் கண்ட குறிப்பினால் புதையல் பெற்று, அப்பொருளைத் தேவாலயத் திருப்பணிக்கு ஈந்தவன் அவன் என்பது அவ்வூர்க் கதை.

இவற்றினும் நம் அன்பர்கள் அறியத்தக்கது கென்ட் பகுதியிலுள்ள பிடென்டன் ஊர்ப்பலகையே. அதில் உடல் ஒட்டிப் பிறந்த சகோதரியர் இருவர் நிற்கின்றனர். மேரி, எலைசா சல்க்ஹர்ஸ்ட் என்பன அவர்தம் பெயர்கள் எனவும், 1100ஆம் ஆண்டில் பிறந்தனர் எனவும் ஊரார் வழங்குவர். 34ஆம் அகவையில் ஒருத்தி இறக்க, உடலைப் பிரித்து மற்றவளைக் காக்க முயன்றனராம். ஒன்றாய் வந்தோம், ஒன்றாகவே செல்வோம் என்று அவள் மறுத்து, சில மணி நேரத்தில் தானும் உயிர் நீத்தாள் என்பது கதை. ஏறத்தாழ 20 ஏக்கர் நிலத்தை அவர்கள் விட்டுச்சென்றனர். அதன் வருவாயில் ஆண்டுதோறும் ஈஸ்டர் திருநாளில் ஏழையர்க்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வழங்கப்பட்டன. நிலத்துக்கே ‘ரொட்டி, பாலாடைக்கட்டி நிலம்’ என்று பெயர் வந்துவிட்டது. அன்னதானக் கட்டளைக்கு நிலம் எழுதிவைக்கும் மரபை அறிந்தோர்க்கு இது புதுமையன்று.

கட்டளை நிலம் என்றால் வழக்கும் உடன் வரும் போலும்! 1645இல் அவ்வூர்த் தேவாலயத்தின் குருவானவர் அந்நிலம் தேவாலயத்துக்கே உரியது எனக் கோரித் தோற்றார். 1656இல் மீண்டும் முயன்றும் வெற்றி கிட்டவில்லை. ஏழையரின் உணவு பிழைத்தது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரலாற்றாசிரியர் எட்வர்ட் ஹேஸ்டட் இக்கதையை ஏற்க மறுத்தார். உருவங்கள் ஏழைக் கைம்பெண்கள் இருவரையே குறிக்கும் என்பது அவர் கருத்து. ஆயினும் ஒட்டிப் பிறந்தோர் என்ற செய்தி அவருக்கு முற்பட்ட 17ஆம் நூற்றாண்டு வழக்கிலேயே பேசப்பட்டுள்ளது. ஆதலின் கதையை முற்றும் கற்பனையெனத் தள்ளுதல் பொருந்தாது. ஆண்டுதான் ஐயத்திற்குரியது. உருவங்களின் உடையமைப்பு 16ஆம் நூற்றாண்டை ஒத்திருப்பதால், 1500 என்பதே 1100 எனத் தவறாகப் படிக்கப்பட்டிருக்கலாம் என்போரும் உளர்.

1907இல் அந்நிலம் வீடுகள் கட்டுவதற்காக விற்கப்பட்டது. அறம் மட்டும் நிற்கவில்லை. அத்தொகையால் விரிந்தே வளர்ந்தது. உணவுப் பங்கீடு நிலவிய 1940களில் பாலாடைக்கட்டிக்கு மாற்றாகக் கோக்கோ அளித்தனர். ஈஸ்டர் திங்கட்கிழமை வழங்கல் இன்றும் தொடர்கிறது. அன்று வருவோர்க்கெல்லாம், சகோதரியர் உருவம் பதித்த, மாவும் நீரும் கலந்து சுட்ட பணியாரம் ஒன்றும் கிடைக்கிறது. கல்போல் இறுகியிருப்பதால் அதனை எவரும் உண்பதில்லை. வீட்டிற்கு எடுத்துச் சென்று பல்லாண்டுகள் பாதுகாக்கின்றனர்.