"ஷீட்டுதானே சார்!"

மொட்டை மாடியில் ஷீட் போட ஒருவரை வரச் சொல்லுங்கள். டேப்பை நீட்டி அளப்பார். பைப்பின் கனம், ஷீட்டின் நிறம், சதுர அடிக்கு என்ன ரேட் என்று எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிடுவார். "இதற்கு அனுமதி வாங்கணுமா?" என்று கேட்டால் மட்டும் சிரிப்பு வரும். "ஷீட்டுதானே சார், இதுக்கெல்லாம் யாரு பிளான் கேக்கப் போறாங்க!"

எங்கள் வீட்டுக்கு வந்தவரும் அப்படித்தான் சிரித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஊரே அப்படித்தான் நினைக்கிறது. எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் 2004 ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அந்த வருடம் ஜனவரி 23 அன்று, ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் கீற்றுக் கூரை பற்றி எரிந்தது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கொட்டகையில் பிடித்த தீ, மாடி வகுப்பறைகளின் கீற்றுக்குத் தாவியது. 94 குழந்தைகள் போனார்கள். இரண்டு இடத்திலும் உயிரைக் குடித்தது தலைக்கு மேல் போட்டிருந்த கூரை. பள்ளி, மண்டபம் போன்ற பொதுக் கட்டடங்களுக்கு வட்டாட்சியரிடம் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் 1965-லேயே வந்துவிட்டது. சட்டம் இல்லாமல் நடந்த விபத்துகள் அல்ல இவை.

சரி, எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம்? உடைந்த ஓட்டை மாற்றுவது, ஒழுகும் தளத்தைப் பூசுவது எல்லாம் பராமரிப்பு. வெளித்தோற்றத்தைப் பெரிதாக மாற்றாத இப்படிப்பட்ட வேலைகளை 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் தளம் ஒட்டினால் அது கட்டுமானம். மொட்டை மாடியில் சுற்றிலும் சுவர் எடுத்து, கதவு போட்டு, மேலே ஷீட் வேய்ந்து, 'சும்மா துணி காயப்போட' என்று சொன்னாலும் அது இன்னொரு மாடிதான். மின்விசிறி சுழலும் இடத்தில் துணி மட்டுமா காய்கிறது?

இங்கேதான் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் நுழைகின்றன. சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி மனையில் எல்லா மாடிகளும் சேர்ந்து 4,800 சதுர அடி வரை கட்டலாம். அதில் மிச்சம் இருக்கிறதா, பக்கத்துக் காலி இடம் விட்டிருக்கிறதா, அஸ்திவாரம் தாங்குமா என்பதுதான் அனுமதி கேட்கும் கேள்விகள். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை வீடு கட்டிக்கொள்ள இணையதளத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அது வந்தபோது தரைத்தளமும் முதல் மாடியும் வரைதான் இருந்தது. அனுமதி பெற்ற மாடிகளுக்கு மேலே ஏற்றும் கொட்டகைக்கு அந்தத் தாள் பொருந்தாது.

விதியை விட்டுத் தள்ளுங்கள், காற்றைப் பார்ப்போம். இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 875, கட்டட வடிவமைப்புக்காகச் சென்னைக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். திருச்சிக்கு 47 மீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் 39. சென்னை வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் வருகிறது. கூரையின் மேல் பாயும் காற்று அதைக் கீழே அமுக்குவதைவிட மேலே உறிஞ்சி இழுப்பதுதான் அதிகம். அரை மில்லிமீட்டர் தகரத்தின் எடையோ சதுர மீட்டருக்கு நாலைந்து கிலோ. இருபதுக்கு முப்பது அடி கொட்டகை என்றால், தோராயமாக எட்டு டன் இழுவைக்கு எதிராக நிற்பது கால் டன் தகரமும், அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவும்தான். கைப்பிடிச் சுவரில் நாலு போல்ட் அடித்து நிறுத்திய பைப், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்குள் வந்ததுபோல் இன்னொன்று வந்தால் என்ன ஆகும்? பதிவு பெற்ற பொறியாளர் கையெழுத்துக்குக் கொடுக்கும் பணம் இந்தக் கணக்குக்குத்தான்.

கடை, குடோன், உணவகம் என்றால் சங்கதி இன்னும் கடுமை. வீட்டு மாடிக் கொட்டகையை ஜிம்முக்கோ டியூஷனுக்கோ வாடகைக்கு விட்டால் அது பயன்பாட்டு மாற்றம். அதற்கே தனி அனுமதி வேண்டும். தொழிற்சாலையாக இருந்தால் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்திலும் வரைபடம் காட்ட வேண்டும். நாற்பது பேர் சாப்பிடும் மாடி உணவகத்துக்கு ஒரே ஒரு குறுகலான படி இருந்தால், அங்கே உட்கார்ந்து சாப்பிட எனக்கு மனம் வருவதில்லை.

'கட்டிடுவோம், அப்புறம் அரசாங்கம் வரன்முறை பண்ணிடும்' என்பது இன்னொரு நம்பிக்கை. 1999-ல் அப்படி ஒரு வழி திறந்தது உண்மை. பிறகு 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கும் நீட்டினார்கள். நேற்று போட்ட ஷீட்டுக்கு அது உதவாது. நோட்டீஸ் ஒட்டி, பூட்டி சீல் வைக்கவும் அதே 1971 சட்டத்தில் இடம் உண்டு. பெரும்பாலும் அதிகாரியைக் கூட்டிவருபவர் அடுத்த வீட்டுக்காரர்தான். உங்கள் ஷீட்டில் விழுந்த மழை அவர் வீட்டு ஜன்னலில் கொட்டும் முதல் நாளிலேயே புகார் எழுதப்பட்டுவிடும். ஓரத்தில் ஒரு வாய்க்கால் தகரம் வைத்து, குழாய் இறக்கி, மழைநீர்த் தொட்டியில் சேர்த்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

பீரோவில் பத்திரத்தோடு மடித்து வைத்த பழைய அனுமதி வரைபடம் இருக்கும். ஷீட்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி, உங்களுக்கு எதுவோ அந்த அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.