கல்லீரலின் காவலன்

நம் உயிரணுக்களில் புரதம் ஆக்கும் கட்டளையைச் சுமந்து செல்வது தூது ஆர்.என்.ஏ. என்பதைப் பாடநூலில் படித்திருக்கிறோம். அக்கட்டளையை இடைமறித்து அடக்கும் சிறு துணுக்குகளே மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள். ஏறத்தாழ 22 எழுத்து நீளமே உடைய இவற்றுள் முதலாவதை, 1993இல் ஒரு புழுவில் கண்டறிந்தனர் விக்டர் ஆம்புரோஸ் குழுவினர். 2024இல் அவரும் கேரி ரவ்குனும் நோபல் பரிசு பெற்றனர்.

கல்லீரலிலுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் சுமார் 70 விழுக்காடு மிர்-122 என்னும் ஒரே வகையாகும். இது நீக்கப்பட்ட சுண்டெலிகளின் கல்லீரலில் முதலில் கொழுப்பும் அழற்சியும், பின்னர்ப் புற்றும் தோன்றியதை 2012இல் வெளியான ஆய்வுகள் காட்டின. மனிதரிலும் மிர்-122 குன்றிய புற்றுக்கட்டிகள் எளிதில் பரவுகின்றன. நோயாளியின் வாழ்நாளும் குறுகக் காண்கிறோம். மறுபுறம், மிர்-21 மிகுந்து, அணுப்பெருக்கத்துக்குக் கடிவாளமிடும் பிடென் புரதத்தை ஒடுக்குகிறது.

குறைந்ததை ஊட்டினால் நோய் தீராதோ? அவ்வளவு எளிதன்று. கல்லீரல் அழற்சி சி வைரசு பெருகுவதற்கும் இதே மிர்-122 தேவை! காவலனே கள்வனுக்கு ஏணியாகிறான். மிர்-34ஐ ஒத்த மருந்தொன்றின் சோதனையும் கடும் பக்கவிளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது.

ஆகவே, பி வகை அழற்சிக்கான தடுப்பூசியும் மதுவிலக்கும் இன்று நம் கையிலுள்ள காப்புகள். அவற்றை நழுவவிடலாமா?