இதழுக்கு நிழல் தீட்டுவது

பூ வரையப் பழகுகிறவரிடம் முதலில் ஒரு பந்தையோ முட்டையையோதான் வரையச் சொல்கிறார்கள். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு, நடுவே மெல்ல மாறும் சாம்பல். மொட்டுக்கும் காய்க்கும் இந்தப் பாடம் போதும், இதழுக்குப் போதாது. பந்து ஒளியைத் தடுத்துவிடும், இதழோ ஒரு பங்கை ஊடே விட்டுவிடும். எக்கியார்குப்பத்துக் கடற்கரை மணலில் படரும் அடும்புக் கொடியின் பூவைக் காலை வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் இது விளங்கும். இருண்டிருக்க வேண்டிய பக்கமே ஒளிர்கிறது. இதழ்கள் ஒட்டிப் புனலாகிவிட்ட அந்தப் பூவில், அடியிலிருந்து விளிம்புவரை ஓடும் ஐந்து பட்டைகள் மட்டும் சற்றே கருத்திருக்கின்றன. மொட்டு முறுக்கிக் கிடந்தபோது வெளியே தெரிந்த, கொஞ்சம் தடித்த பகுதிகள் அவை. உள்ளே மடிந்திருந்த மெல்லிய பகுதிகள் வழியாகத்தான் வெளிச்சம் வருகிறது. புனலின் தொண்டையில் தெரியும் கருஊதா, நிழலே அல்ல; அது பூவின் நிறம். போதாததற்கு, கீழே கிடக்கும் வெளிர்மணல் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் பூவின் அடிப்பக்கமும் முழுக்க இருள்வதில்லை. இத்தனையையும் 6பி பென்சிலால் ஒரே கருப்பாக்கி விரலால் தேய்த்துவிடுகிற பழக்கம், பூவைத் தகரத்தில் வெட்டியதுபோல ஆக்கிவிடுகிறது.

தாவரவியல் ரெக்கார்டு நோட்டில் நிழலே கூடாது என்கிறார்களே என்று கேட்கலாம். உறுப்புகளை அடையாளம் காட்ட அந்த விதி சரி. ஆனால் கோட்டுக்கும் நிழலுக்கும் பகையில்லை என்பதைத் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக வரைந்த ரங்கையாவும் கோவிந்தும் அன்றே காட்டிவிட்டார்கள். சென்னையில் 1838 முதல் 1853 வரை வெளிவந்த வைட்டின் ‘ஐகோனஸ்’ தொகுதிகளில் 2,000-க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. செடியின் கிளையோடு, பிரித்துப் பார்த்த பூவின் உள்ளுறுப்புகளையும் ஒரே தாளில் காட்டும் முறை அது. கோவிந்தின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார். நம் ஓவிய வகுப்புகளில் இவர்கள் பெயர் அரிதாகவே ஒலிப்பது பெரிய இழப்பு. கேமரா இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்பாரும் உண்டு. கேமரா அந்த நொடியில் எதிரே இருந்த ஒரு பூவைத் தரும், பூச்சி கடித்த விளிம்போடு. வரைகிறவர் பல பூக்களைப் பார்த்து, எது அந்த இனத்துக்கு உரியது, எது அந்தப் பூவுக்கு மட்டும் நேர்ந்தது என்று பிரித்தாக வேண்டும். நிழலிலும் அதே வேலைதான்: எது நிறம், எது தடிப்பு, எது வெளிச்சத்தின் திசை.

அடும்பு காலையில் விரிந்து பிற்பகலில் சுருங்கிவிடும். ஆகவே முதலில் வெளிச்சம் வரும் திசையைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, எச்.பி. பென்சிலால் நிழல்களை மட்டும் மெலிதாகப் பதிவதே நல்லது. விளிம்புக் கோட்டுக்கு மறுநாள் பூக்கும் இன்னொன்று உதவும்.