முதுகுவலியும் மாட்டுக் கொட்டகையும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் நின்றபடியே ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இடுப்புவலி புதிதல்ல. ஆனால் வலியோடு மாலைக் காய்ச்சலும், சட்டை நனையும் வியர்வையும், உடல் இளைப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் வேலை மீது பழிபோட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. முதுகெலும்பில் கிருமி இறங்கியிருக்கலாம். மருத்துவர்கள் உடனே காசநோயைச் சந்தேகிப்பார்கள், அது சரியே. கூடவே இன்னொன்றும் கேட்க வேண்டும்: “வீட்டுல மாடு இருக்கா? ஏதாவது கன்னு வீசிச்சா?”

ஆலை மதிலை ஒட்டிய ஊர்களில் இன்னும் கறவை மாடுகள் உண்டு. கன்று வீச்சு நோயை உண்டாக்கும் புரூசெல்லா கிருமிக்கு, சினைமாட்டின் நஞ்சுக்கொடியில் உள்ள எரித்ரிடால் என்ற பொருள் நல்ல தீனி. அதில் பெருகி, ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு சினையைக் கலைக்கும். மால்டாவில் 1905இல் தெமிஸ்டாக்ளீஸ் சம்மித், மனிதருக்கு இந்நோய் ஆடுகளிடமிருந்து வருவதைக் கண்டறிந்தார். அங்கே காய்ச்சாத ஆட்டுப்பால் வழி. நாம் பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கிறோம், அந்தச் சூட்டில் கிருமி செத்துவிடும். இங்கே பெரிய ஆபத்து கைதான். வெறுங்கையால் கொடியை இழுத்து, சாக்கில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு வருபவரின் விரலில் சின்னக் கீறல் இருந்தாலே போதும்.

கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களால் அதை எளிதில் கொல்ல முடிவதில்லை. அவற்றுக்குள்ளேயே பதுங்கி எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேர்கிறது. பெரும்பாலும் இடுப்பு முள்ளெலும்பின் முன்பக்க மேல் விளிம்பை முதலில் அரிக்கும். காசநோய் அதிகம் தாக்குவது நெஞ்சுப் பகுதி முள்ளெலும்புகளை. எலும்பு நொறுங்கிக் கூன் விழுவதும் அதில்தான் அதிகம். ஆனாலும் எம்ஆர்ஐ படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம்.

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்: காசநோய்க் கூட்டு மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் புரூசெல்லாவையும் ஓரளவு அடக்கும். வலி குறைந்ததும், வந்தது காசநோய்தான் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். சரியான துணைமருந்து இல்லாததால் நோய் திரும்பும். முதுகெலும்பு புரூசெல்லாவுக்கு டாக்சிசைக்ளினுடன் ரிஃபாம்பிசினோ ஸ்ட்ரெப்டோமைசினோ சேர்த்து, சிகிச்சை வழக்கமாக மூன்று மாதமாவது நீளும். சந்தேகம் வந்தால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை செய்துவிடலாம். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க அனுப்பும்போது ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அங்கு வேலை செய்பவர்களுக்கும் இது தொற்றும்.

மனிதருக்குத் தடுப்பூசி இல்லை. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் நான்கிலிருந்து எட்டு மாதப் பெண் கன்றுகளுக்கு ஒருமுறை ஊசி போடுகிறார்கள். பெரிய மாடு கன்று வீசினால் கையுறை போட்டே தொட வேண்டும். கன்றையும் கொடியையும் நாயோ காக்கையோ இழுக்காதபடி ஆழமாகக் குழிதோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிட வேண்டும்.