சாவி யார் கையில்?

பூட்டுக்குப் பேர் போன ஊர் திண்டுக்கல். மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று நம் தொழிலாளர் கையால் அடித்து, அரத்தால் இழைத்துச் செய்த பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தத் தொழிலாளி பூட்டை விற்கும்போது சாவியையும் சேர்த்துத்தான் கொடுக்கிறான். “பூட்டு உனக்கு, சாவி எனக்கு, பத்து வருடம் கழிந்ததும் உன் கதவுக்கு நான் பொறுப்பில்லை, புதுக் கதவு வாங்கு” என்று சொன்னதுண்டா? சொன்னால்தான் ஊர் பொறுக்குமா?

ஆனால், தோழர்களே, நம் வீட்டுக் கம்ப்யூட்டர் விஷயத்தில் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்!

2015-இல் வெளிவந்தது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு அதன் ஆதரவை முடித்துக்கொண்டது மைக்ரோசாஃப்ட் நிறுவனம். வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் வரை, சில நிபந்தனைகளோடு, ஓராண்டுத் தவணை அறிவித்தது. பாதுகாப்புத் திருத்தம் வராத கம்ப்யூட்டர் அன்றைக்கே நின்றுவிடாது, ஓடும். ஆனால் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் கிடையாது. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது, கதவைத் திறந்து போட்டுவிட்டு உறங்கப் போவதற்குச் சமம்.

“விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளலாமே” என்பார்கள். மாறலாம், அவர்கள் அனுமதித்தால்! அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும். அவர்கள் வெளியிட்ட பட்டியலில் உள்ள பிராசசர் வேண்டும். 2017-க்கு முன் வந்த இயந்திரங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லை. இயந்திரம் கெடவில்லை. திரை எரிகிறது, விசை அழுந்துகிறது, பிள்ளை பாடம் படிக்கிறது. என்றாலும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்பதுதான் தீர்ப்பு.

யார் வீட்டில் இருக்கிறது அந்தப் பழைய இயந்திரம்? சீமான் வீட்டிலா? வேடசந்தூர் நூற்பாலைக்குப் போகிறவர் வீட்டில், சின்னாளபட்டித் தறிக்காரர் வீட்டில், ஒட்டன்சத்திரம் மண்டியில் கணக்கு எழுதும் பையன் வீட்டில் இருக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் அரசு தந்த மடிக்கணினியும் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது. மில் கூலியில் அரிசி வாங்கிப் பள்ளிக் கட்டணமும் கட்டியபின் புதுக் கம்ப்யூட்டருக்கு மிஞ்சுவது எவ்வளவு?

வழி இல்லையா? இருக்கிறது. அதன் பெயர் லினக்ஸ்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983-இல் ஒரு முடிவை அறிவித்தார். மென்பொருளை வாங்கியவன் அதை விரும்பியபடி இயக்கவும், உள்ளே என்ன இருக்கிறதென்று படித்துத் திருத்தவும், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கவும், திருத்தியதைப் பகிரவும் உரிமை வேண்டும் என்றார். அந்த உரிமையோடு க்னூ என்ற மென்பொருள் தொகுதியைக் கட்டத் தொடங்கினார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்ற கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்தன. உலகெங்கும் ஆயிரமாயிரம் பேர் கை கொடுத்தார்கள்.

“இனாமாகக் கிடைப்பது எப்படி உருப்படியாக இருக்கும்?” என்று ஏளனம் பேசுவோர் உண்டு. அவர்கள் சட்டைப் பையிலுள்ள ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதே லினக்ஸ் கருதான்! உலகின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. இங்கே காசில்லை என்பது இரண்டாவது சங்கதி. சாவி நம் கையில் என்பதே முதலாவது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதா? இல்லை. சி. உமாசங்கர் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007-இல், அந்த அரசு நிறுவனம் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அரசு தந்த மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டது. 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு இதே கதி நேர்ந்தபோது, பாஸ் லினக்ஸுக்குப் போகும்படி தமிழக அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. பக்கத்துக் கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள் பல்லாண்டாக லினக்ஸில்தான் பாடம் படிக்கிறார்கள். அங்கே ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள்; அதனால் வேர் பிடித்தது. நம்மிடம் மடிக்கணினி வந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் வரவில்லை. விதை கொடுத்தும் தண்ணீர் பாய்ச்சாத கதை!

ஜெர்மனியின் மூனிக் நகராட்சி 2003-இல் முடிவெடுத்து, ஏறத்தாழ 15,000 கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. 2017-இல் மீண்டும் விண்டோஸுக்கே போக முடிவு செய்தது. இதையும் மறைக்க வேண்டியதில்லை. மாறினால் மட்டும் போதாது, கூடவே நின்று பழக்க ஆள் வேண்டும் என்பதுதான் இரு கதையும் சொல்லும் பாடம்.

சரி, எப்படி மாறுவது?

முதலில், கம்ப்யூட்டரிலுள்ள படம், சான்றிதழ், கணக்கு எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் படியெடுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த அடி எடுக்காதீர்கள். பிறகு லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை இறக்கி, 8 ஜி.பி. பென் டிரைவில் ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளால் ஏற்றுங்கள். அந்தப் பென் டிரைவில் முன்பிருந்தது அழிந்துவிடும் என்பது நினைவிருக்கட்டும். அதைச் செருகி, கம்ப்யூட்டரைத் திறக்கும்போதே எஃப்12 போன்ற விசையை அழுத்தினால் (கம்பெனிக்குக் கம்பெனி விசை மாறும்) பென் டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓடும். உள்ளே எதையும் தொடாது. வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, பிரின்டர் அச்சிடுகிறதா என்று பாருங்கள். திருப்தியானால் நிறுவுங்கள். விண்டோஸை விட மனமில்லையா? இடமிருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். நினைவகம் 2 அல்லது 4 ஜி.பி.தான் என்றால் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான முகப்புள்ள பதிப்பை எடுங்கள்.

தமிழ்? தமிழ் 99 விசைப்பலகை அதிலேயே உண்டு. லிப்ரே ஆபீஸில் துண்டறிக்கை அடிக்கலாம், சந்தாக் கணக்கு போடலாம். பாமினி எழுத்தில் அடித்த பழைய அறிக்கைகளைப் படிக்க அந்த எழுத்துருவையும் நிறுவிக்கொள்ளலாம். இனி அடிப்பதை யூனிகோடிலேயே அடியுங்கள். கற்க வேண்டுமா? கணியம் மின்னிதழ் 2012 முதல் இதைத் தமிழிலேயே சொல்லி வருகிறது.

ஆகாதவையும் உண்டு. டேலியில் கணக்கு எழுதுகிறவரும், ஃபோட்டோஷாப்பில் ஃபிளெக்ஸ் வடிவமைக்கிறவரும் அந்த வேலைக்கு விண்டோஸை வைத்திருக்கத்தான் வேண்டும். அவை லினக்ஸுக்கென்று வெளிவரவில்லை. சில பிரின்டர்களும் முரண்டு பிடிக்கும். பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு கொள்கை பேசச் சொல்லவில்லை நாம். பிள்ளை படிக்கவும், கடிதம் எழுதவும், செய்தி பார்க்கவும் மட்டும் பயன்படும் இயந்திரத்தை எதற்காகத் தூக்கி எறிய வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

ஆகவே, கிளைத் தோழர்கள் ஒரு காரியம் செய்யலாம். படிப்பகத்தில், சங்க அலுவலகத்தில், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பாலிடெக்னிக்கில் படிக்கும் நம் பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வையுங்கள். பரண்மேல் கிடக்கும் இயந்திரங்களை இறக்கிக் கொண்டு வரச் சொல்லுங்கள். ஒருவருக்கு மாற்றிக் கொடுத்தால் போதாது. அவரே அடுத்தவருக்கு மாற்றிக் கொடுக்கும்வரை பழக்குங்கள். மூனிக்கில் தளர்ந்தது, கேரளத்தில் நிலைத்தது எதனால் என்பதை மறவாதீர்கள்.

கூலி கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையது. அது எப்போது பழசாகும் என்பதை அமெரிக்கக் கம்பெனி சொல்ல வேண்டியதில்லை. அதை நாமே முடிவு செய்வோம்!