நகராத ஆறாவது ரதம்!

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். பல்லவர்கள் பாறையைக் குடைந்து செய்தவை. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கும் மேலாக ஓர் அங்குலம்கூட நகரவில்லை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆறாவது ரதம் ஒன்றும் சேர்ந்தது. அதுவும் நகரவில்லை!

என் பெரியப்பா மகன் அங்கே சின்னதாக ஒரு லாட்ஜ் நடத்துகிறான். காலை 7 மணிக்கு போன். “டேய், ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. வீட்டையே வண்டியா ஓட்டிக்கிட்டு வந்திருக்காங்க. வண்டி நின்னு போச்சு. நீ வந்து இங்கிலீஷ் பேசணும்.”

நான் பி.காம். பேலன்ஸ் ஷீட் போடுகிற அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். கியர் பாக்ஸுக்கு அது போதுமா? கிளம்பிவிட்டேன்.

ஈ.சி.ஆர். ஓரத்தில் நின்றது வண்டி. மோட்டார் ஹோம் என்கிறார்கள். சினிமாக்காரர்கள் ஷூட்டிங்கில் வைத்திருக்கும் கேரவனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. உள்ளே கட்டில், அடுப்பு, பாத்ரூம், நூறு லிட்டர் தண்ணீர் டாங்க், ஜன்னலில் துளசிச் செடிகூட! மொத்தம் மூன்றரை டன். இஞ்சின் ஜம்மென்று ஓடுகிறது. ‘டி’யில் போட்டால் உறுமுகிறதே தவிர, நகரமாட்டேன் என்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்!

பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். முகத்தில் ஈயாடவில்லை. காரணம் கியர் மட்டுமல்ல. வெளிநாட்டு வண்டியை ‘கார்னெட்’ என்கிற சுங்கப் புத்தகத்தோடுதான் கொண்டு வர முடியும். கெடுவுக்குள் வண்டி நாட்டை விட்டு வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் இறக்குமதி வரி கட்டு என்று வந்து நிற்கும். அவருக்கு மிச்சமிருந்தது 12 நாள். மும்பை போய்க் கப்பலில் ஏற்றியாக வேண்டும்.

தள்ளு... தள்ளு!

நம் ஊரில் வண்டி நின்றால் முதல் வைத்தியம் என்ன? தள்ளுவதுதான்! பத்துப் பேர் கூடிவிட்டார்கள். இளநீர்க்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். ஒருவர் டிராக்டரும் கயிறும் கொண்டு வந்தே விட்டார். கட்டுகிற நேரத்தில் டி.வி.எஸ். 50-இல் வந்து இறங்கினார் மெக்கானிக். செங்கல்பட்டுக்காரர், ஐம்பது வயது.

“கயித்த எடுங்க! இழுத்தீங்கன்னா கியர் பாக்ஸுக்குப் பால் ஊத்த வேண்டியதுதான்!”

“ஏண்ணே?” என்றேன்.

“தம்பி, இதுக்குள்ள ஆயில் பம்ப் ஒண்ணு இருக்கு. இஞ்சின் ஓடினாத்தான் அது ஓடும். இஞ்சின் நின்னிருக்கும்போது வண்டிய இழுத்தா சக்கரம் சுத்தும், உள்ள பல்லும் சுத்தும், ஆயில் மட்டும் போகாது. வறட்டுச் சட்டியில கடுகு போட்ட மாதிரி எல்லாம் கருகிடும்.”

அவர் அடியில் படுத்து, பின் சக்கரத்துக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றினார். அப்புறம்தான் டிராக்டருக்கு அனுமதி. பூஞ்சேரிப் பக்கம் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பின் குழிமேல் ரதம் போய் நின்றது. மணலில் ஜாக்கி வைத்து மூன்றரை டன்னுக்கு அடியில் படுக்க, அவர் என்ன கிறுக்கரா?

ரெண்டு டேபிள் ஃபேன்

கிளட்ச் மிதியே இல்லாத வண்டி எப்படி ஓடுகிறது? டீ சாப்பிட்டுக்கொண்டே விளக்கினார்.

இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் போடுங்கள். அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதில் ஆயில். அதுதான் டார்க் கன்வர்ட்டர். இஞ்சின் ஒரு ஃபேன், கியர் பாக்ஸ் இன்னொரு ஃபேன். வண்டி நிற்கும்போது நடுவில் இரும்புக்கு இரும்பு தொடர்பே கிடையாது. அதனால்தான் சிக்னலில் பிரேக்கை மிதித்து நின்றாலும் இஞ்சின் அணைவதில்லை.

ஆக, இந்த ஆயில் வெறும் மசகு இல்லை. சக்தியைக் கடத்துவது அது. அழுத்தம் கொடுத்து கியர் மாற்றுவது அது. சூட்டை வெளியே கொண்டு போவதும் அதுவே. நம் ஆபீஸில் ஒரே க்ளார்க் அக்கவுன்ட்ஸ், டெஸ்பாட்ச், டீ வாங்குவது எல்லாம் பார்ப்பாரே, அந்த மாதிரி! அவர் லீவு போட்டால் ஆபீஸ் அம்பேல்.

1939-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ‘ஹைட்ராமேட்டிக்’ என்று அறிவித்து, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் கொடுத்ததிலிருந்து ஆயிலுக்கு இந்த வேலைதான். ஒரு விஷயம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அமெரிக்காவில் 1970-களின் தொடக்கம் வரை இந்த ஆயிலில் திமிங்கல எண்ணெய் கலந்தார்கள்! அழிந்து வரும் உயிரினம் என்று தடை வந்தபிறகுதான் மாற்று ரசாயனம் தேடி அலைந்தார்கள்.

யாருடைய லைஃப்?

“கடைசியா எப்ப ஆயில் மாத்தினாராம்? கேளுங்க தம்பி.”

கேட்டேன். பெரியவர் பெருமையாகச் சொன்னார்: “மாற்றவே வேண்டாம். லைஃப் டைம் ஆயில்!”

மெக்கானிக் சிரித்தார். “யாரோட லைஃப்னு கேளுங்க.”

நியாயமான கேள்வி! ஆயுள் முழுக்க என்றால் கியர் பாக்ஸின் ஆயுள் முழுக்க. அது எவ்வளவு என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆயில் கெட்டால் கியர் பாக்ஸ் போகும். கியர் பாக்ஸ் போனால் ஆயுள் முடிந்தது. ஆக, ஆயில் ஆயுள் முழுக்க வந்துவிட்டது! என் ஆடிட்டர்கூட இவ்வளவு அழகாகக் கணக்கு எழுதமாட்டார்.

இந்த ஆயிலுக்கு எமன் சூடு. வீட்டைச் சுமக்கும் வண்டி, மே மாத வெயில், ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து பயணம். ஆயில் வெந்துவிடும். இந்த வண்டியில் கூடுதலாக ஒரு திருட்டு வேறு. கியர் பாக்ஸுக்குள் ஒயர் போகும் பிளக்கின் ரப்பர் வளையம் இறுகிப்போய், சொட்டுச் சொட்டாக மாதக்கணக்கில் ஒழுகியிருக்கிறது. எட்டிப் பார்க்க அளவு கம்பியும் கிடையாது. குழாய் இருக்கிறது, மூடி இருக்கிறது, கம்பி மட்டும் கம்பெனியில்!

தட்டைத் திறந்த நிமிஷம்

கீழே இருந்த தட்டைக் கழற்றும்போது பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா கையில் ஜெபமாலை.

தட்டில் ஒரு காந்தம் இருந்தது. தேய்மானத் துகளைப் பிடித்து வைக்கத்தான் அது. அதில் ஒட்டியிருந்த சேற்றை மெக்கானிக் விரலால் வழித்துத் தேய்த்தார். நாங்கள் மூச்சு விடவில்லை.

“பிழைச்சுது! சாம்பல் களிம்புதான். இரும்புச் சில்லு இருந்திருந்தா மொத்தமும் பிரிக்கணும்.”

நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர் சிரிப்பே எல்லா பாஷையிலும் இருந்தது.

புது ஆயில் நல்ல சிவப்பு. எங்கே ஒழுகினாலும் இஞ்சின் ஆயிலா, கியர் ஆயிலா என்று தெரியத்தான் அந்தச் சாயம். வெளியே வந்ததோ கறுப்பு; தீய்ந்த வாசனை. வழக்கமாக நாலு லிட்டர் வரவேண்டிய இடத்தில் வந்தது இரண்டரை.

ஒர்க்‌ஷாப் பையன் ஒரு டின்னைத் தூக்கி வந்தான். “இதுவும் சிவப்புதாண்ணே, பவர் ஸ்டீயரிங் ஆயில்.” அவனுக்கு விழுந்தது பார்வையாலேயே ஓர் அறை. கலர் பார்த்து ஆயில் ஊற்றுவது, கலர் பார்த்து மாத்திரை முழுங்குவது போல. வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் நம்பர்தான் கணக்கு. ஆயில், ஃபில்டர், கேஸ்கெட், பிளக் வளையம், அளவு கம்பி எல்லாம் சென்னை ஜி.பி. ரோட்டில் தேடி வந்து சேர மூன்று நாள். மிச்சம் 9 நாள்!

தட்டைத் துடைக்கப் பையன் பனியன் வேஸ்ட்டை எடுத்தான். அதற்கும் தடா! அதிலிருந்து ஒரு நூல் உள்ளே போனால் தலைமுடி அகல வால்வில் சிக்கி கியர் விழாது. நூல் பிரியாத துணிதான் வேண்டும்.

புது ஃபில்டர், கேஸ்கெட், வளையம் எல்லாம் மாட்டியாயிற்று. இப்போது என் பி.காம். மூளை வேலை செய்தது. “அண்ணே, இரண்டரை வந்துச்சு. இரண்டரை ஊத்திட்டா டாலி ஆயிடும்!”

“ஒழுகிப்போன ஒன்றரைய யார் கணக்குல எழுதுவீங்க தம்பி?”

வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்சம் ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராக நிதானமாக மாற்றினார். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்து வண்டி சமமாக நிற்கிறதா என்று பார்த்தார். கொரோனா காலத்தில் நெற்றியில் நீட்டினார்களே, அதன் அண்ணன் மாதிரி ஒரு துப்பாக்கியால் சூடு பார்த்தார். அந்த வண்டிக்கு 80 டிகிரி வந்தபிறகு, இஞ்சின் ஓடும்போதே கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும். ஆயில் சூட்டில் விரியும். பச்சையாகப் பார்த்தால் பொய் சொல்லும். குறைந்தால் வழுக்கும். அதிகமானால் நுரைக்கும், நுரைக்கு பலம் ஏது?

‘டி’யில் போட்டார். ரதம் நகர்ந்தது! அம்மா கைதட்டினார். பெரியவர் மெக்கானிக்கைக் கட்டிப் பிடித்ததில், சட்டையில் இருந்த கறை இருவருக்கும் பொதுவாயிற்று.

“பழசு பாதி இன்னும் டார்க் கன்வர்ட்டர்ல இருக்கு. மும்பை போய் இன்னொரு தடவை மாத்தச் சொல்லுங்க” என்றார்.

உங்கள் வண்டிக்கு?

ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலுக்குப் பயந்து நம்மிலும் பலர் ஆட்டோமேட்டிக் வாங்கிவிட்டோம். எல்லாம் ஒரே ஜாதி இல்லை. 2014-இல் மாருதி செலிரியோவில் வந்த ஏ.எம்.டி. வகையில் இருப்பது சாதாரண கிளட்சும் கியரும்தான். மிதிப்பது மட்டும் மெஷின். அதற்கு வேறு ஆயில். சி.வி.டி. என்றால் அதற்கென்றே தனி ஆயில். டார்க் கன்வர்ட்டர் வகைக்குத்தான் மேலே சொன்ன கதை. உங்களுடையது எது என்று புத்தகத்தைப் பாருங்கள். கியர் விழத் தாமதம், உதறல், வண்டிக்கு அடியில் சிவப்புச் சொட்டு, இதில் எது தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். தள்ளவும் தள்ளாதீர்கள்!

பெரியவர் கிளம்பிப் போய், கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கப்பல் முன்னால் நின்று எடுத்த போட்டோவை அனுப்பினார்.

அன்று விடைபெறும்போது என் ஸ்கூட்டரை உதைத்தேன். ஒரு மாதிரியாக இருமியது. மெக்கானிக் திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, இதுக்கு எப்ப ஆயில் மாத்தினீங்க?”

“லைஃப் டைம் ஆயில்ணே!” என்றேன் சமாளித்து.

குனிந்து பார்த்தவர் சொன்னார்: “ஆமாம்... லைஃப் முடிஞ்சு ஆறு மாசமாச்சு!”