கோடு போட்டவருக்கும் கூலி உண்டு

ஸ்க்ரோல் சா என்பது மேசைமேல் நிற்கும் சிறிய மின்ரம்பம். ஐந்து அங்குல நீளமுள்ள மெல்லிய பிளேடு நிமிடத்துக்குப் பல நூறு முறை மேலும் கீழும் ஓடும். பிளேடு இடம் மாறாது. பலகையைத்தான் கையால் திருப்பித் திருப்பி வெட்ட வேண்டும். பலகையின் நடுவில் துளை போட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றி அதற்குள் நுழைத்து மாட்டிவிட்டால், ஓரத்தில் கீறல் படாமலே உள்ளே பூவேலை செய்யலாம்.

எங்கே வெட்டுவது என்பதைச் சொல்வது பலகையில் ஒட்டிய காகிதப் படம். புகைப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் படம் தயார் என்று பலர் நினைக்கிறார்கள். அது நடக்காது. ஒரு முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்மணியைச் சுற்றியுள்ள வெள்ளை முழுவதையும் வெட்டி எடுத்தால் கண்மணி கழன்று கீழே விழும். அதை இமையோடு பிணைக்க ஒரு மெல்லிய பாலம் விட வேண்டும். அது பாலமாகத் தெரியாமல் நிழலாகத் தெரிய வேண்டும். அந்தப் பாலம் மர ரேகையின் போக்கில் அமைந்தால் தாங்கும், குறுக்கே அமைந்தால் ஒடியும். இது தெரிந்தவர் வரைந்து, தானே வெட்டிப் பார்த்து, ஒடிந்த இடத்தைத் திருத்தி மறுபடி வரைகிறார். படத்தின் விலை அந்த உழைப்புக்குத்தான்.

இங்கிலாந்தில் 1895இல் தொடங்கிய 'ஹாபீஸ்' வார இதழ் இத்தகைய படங்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அமெரிக்காவில் பல மரத்துண்டுகளை இழைத்துப் பொருத்தும் இன்டார்சியா கலையைப் பரப்பியதில் ஜூடி கேல் ராபர்ட்ஸின் படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று தனியாட்கள் பலர் வீட்டிலிருந்தே வரைந்து, கோப்பாகச் சில டாலருக்கு விற்கிறார்கள்.

வெட்டும்போது காகிதமும் சேர்ந்து கிழிந்துபோகும். அதனால், வாங்கியவர் தன் வேலைக்கு நகல் எடுப்பது இயல்புதான். அதே கோப்பைப் பத்துப் பேருக்கு அனுப்புவது வேறு. வரைந்தவரின் பத்து விற்பனை அங்கே போய்விடுகிறது. வருமானம் நின்றால் அவர் வரைவதையும் நிறுத்திவிடுவார்.

ஆகவே, படத்தை வரைந்தவரிடமே வாங்குங்கள். செய்த பொருளை விற்க எண்ணினால் அவர் என்ன நிபந்தனை வைத்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள். நண்பர் கோப்பைக் கேட்டால், வரைந்தவர் பெயரைச் சொல்லி அவரிடம் அனுப்பிவையுங்கள்.